திருப்பூர் குளிருக்கு ஆமை தூங்காது! மார்கழி, தை மாதங்களில் வளர்ப்பு ஆமையைப் பராமரிப்பது எப்படி?

கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்ததும், ஆமை வளர்க்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழும். 'நேத்து வரைக்கும் தொட்டியைச் சுத்திச் சுத்தி நீந்திட்டு இருந்துச்சு. இப்போ மூலையிலேயே கிடக்குது. சாப்பாடு போட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேங்குது. என்னங்க ஆச்சு?'

இதற்கு உடனே கிடைக்கும் பதில், 'அது குளிர்கால உறக்கமுங்க. தொந்தரவு பண்ணாதீங்க. மாசி வந்தா தானா எந்திரிச்சுக்கும்' என்பதுதான். இணையத்தில் தேடினாலும் ஆமைகள் மாதக்கணக்கில் தூங்குவதைப் பற்றித்தான் நிறைய வீடியோக்கள் வரும். அதை நம்பித் தொட்டியை இருட்டான மூலைக்குத் தள்ளிவிட்டு, சாப்பாட்டையும் நிறுத்திவிடுகிறார்கள். மாசி வரும்போது ஆமை எழுந்திருப்பதில்லை.

திருப்பூர் போன்ற ஊரில் வளர்ப்பு ஆமை குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை. அந்த அளவுக்கு இங்கே குளிர் இல்லை. இங்கே ஒரு ஆமை சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், அதற்குத் தண்ணீர் போதுமான சூடாக இல்லை அல்லது உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இரண்டுக்குமே நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும்.

உண்மையான உறக்கம் எப்படி இருக்கும்?

நம் ஊர் மீன் கடைகளில் அதிகம் விற்கப்படுவது, கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை உள்ள 'சிவப்புக் காது ஆமை'. கடைக்காரர்கள் 'ஸ்லைடர்' என்பார்கள். இதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. அங்கே குளிர்காலத்தில் குளங்களின் மேற்பரப்பு உறைந்துபோவதும் உண்டு. தண்ணீர் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது ஆமை குளத்தின் அடிக்குப் போய்ச் சேற்றோடு ஒட்டிப் படுத்துவிடும். இதயத் துடிப்பு மிக மெதுவாகிவிடும். உடம்புக்குச் செலவே இல்லாததால், சேமித்து வைத்த கொழுப்பிலேயே பல வாரங்களை ஓட்டிவிடும். ஊர்வனவற்றின் இந்த உறக்கத்துக்கு 'ப்ரூமேஷன்' என்று தனிப் பெயரே உண்டு.

இங்கிலாந்தில் நில ஆமை வளர்ப்பவர்களில் சிலர், குளிர்காலத்தில் ஆமையைப் பெட்டியில் வைத்து, அதற்கென ஒதுக்கிய ஃப்ரிட்ஜில் சுமார் 5 டிகிரியில் தூங்க வைப்பார்கள். அதற்கு முன்பு மருத்துவரிடம் காட்டி, சில வாரங்கள் உணவை நிறுத்தி, குடலைக் காலி செய்துவிட்டு, எடையைக் குறித்துக்கொண்டேதான் வைப்பார்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு யாரும் இங்கே முயற்சி செய்ய வேண்டாம். அது வேறு இன ஆமை, வேறு நாட்டு முறை.

உறக்கம் ஆமையின் உயிருக்குக் கட்டாயத் தேவையும் இல்லை. ஆண்டு முழுவதும் கதகதப்பான தண்ணீரில் இருக்கும் ஸ்லைடர், ஒருநாள்கூட அப்படி உறங்காமல் பல பத்தாண்டுகள் நலமாக வாழும்.

நம் ஊர்க் குளிரின் சிக்கல்

திருப்பூரில் டிசம்பர், ஜனவரியில் பகலில் 29, 30 டிகிரி இருக்கும். விடியற்காலையில் 18, 20 டிகிரி வரை இறங்கும். நமக்கு இது ஒரு போர்வைக் குளிர், அவ்வளவுதான். ஆனால், ஆமை தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளாது. தண்ணீர் என்ன சூடோ, அதே சூடுதான் அதன் உடம்பும்.

நன்றாகச் சாப்பிட்டு, செரித்து, சுறுசுறுப்பாக இருக்க ஸ்லைடருக்குத் தண்ணீர் 24 முதல் 27 டிகிரி வரை வேண்டும். குட்டியாக இருந்தால் 26, 28 டிகிரி நல்லது. 20 டிகிரியை நெருங்கும்போதே பசி குறையும். சிமென்ட் தரையில், ஜன்னல் ஓரத்தில் வைத்த சின்னத் தொட்டி இரவில் அந்த அளவுக்குச் சுலபமாக இறங்கிவிடும்.

இங்கேதான் ஆபத்து. முழுதாக உறங்கிப்போகும் அளவுக்குக் குளிர் இல்லாததால் உடம்பு ஓடிக்கொண்டே இருக்கும். உணவைச் சரியாகச் செரிக்கும் அளவுக்குச் சூடும் இல்லாததால் உள்ளே எதுவும் போகாது. சேமிப்பு கரைந்துகொண்டே வரும். நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையும். கடைசியாகச் சாப்பிட்டது செரிக்காமல் குடலிலேயே தங்கிக் கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. மார்கழியில் ஆமைக்குச் சளி பிடித்து நிமோனியா வரை போவது இப்படித்தான்.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். வெளியே உறைபனி விழுந்தாலும் வீட்டுக்குள் அவ்வளவு குளிர் இருக்காது. ஆகவே, மலையில் இருப்பவர்களுக்கு ஹீட்டர் இன்னும் அவசியம்.

தூங்குகிறதா, உடம்பு சரியில்லையா?

முதலில் ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் வையுங்கள். மீன் கடைகளில் கண்ணாடிக் குழாய் மாதிரியும் கிடைக்கும், டிஜிட்டலும் கிடைக்கும். காலை 6 மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை பாருங்கள். தண்ணீர் 22 டிகிரிக்குக் கீழே இருந்தால், அதை இரண்டு நாட்களில் மெதுவாக 26-க்குக் கொண்டுவாருங்கள். வெறும் குளிரால் சுருண்ட ஆமையாக இருந்தால் ஓரிரு நாளில் நீந்தும், சாப்பாட்டைத் தேடும். தண்ணீர் சூடான பிறகும் மந்தமாகவே இருந்தால் அது நோய்தான்.

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

- மூக்கில் நீர்க் குமிழி, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, 'கிளிக் கிளிக்' என்ற சத்தம்.
- ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, முங்க முடியாமல் தவிப்பது. நுரையீரலில் தொற்று இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம்.
- கண் வீங்கி மூடியே இருப்பது. வைட்டமின் ஏ குறைபாட்டிலும், அழுக்குத் தண்ணீரிலும் இது அதிகம்.
- ஓடு அழுத்தினால் அமுங்குவது, ஓட்டில் துர்நாற்றம், குழி, சிவப்புத் திட்டு.
- குட்டி 3, 4 நாட்களுக்கு மேலாகவும், வளர்ந்த ஆமை ஒரு வாரத்துக்கு மேலாகவும் எதையும் தொடாமல் இருப்பது.

காலை லேசாகத் தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கவில்லை என்றால் அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆழ்ந்த தூக்கம்' என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஆமை பார்ப்பதில்லை. ஆகவே போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. திருப்பூர் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லிலும் உண்டு. உங்கள் பகுதி மருத்துவர் பார்க்கவில்லை என்றால், ஆமை பார்ப்பவர்கள் யார் என்று அங்கே விசாரிக்கலாம். கொண்டுபோகும்போது தண்ணீரில் வைத்துத் தூக்கிப் போகாதீர்கள். காற்றுத் துளை போட்ட பெட்டியில் துணி விரித்து, ஈரமில்லாமல் வைத்துக்கொண்டு போங்கள். டூவீலரில் போனால் காற்று நேராக அடிக்காதபடி மறைப்பு வேண்டும். வீட்டில் இருக்கும் இருமல் மருந்து, ஆன்டிபயாட்டிக் மாத்திரை எதையும் கரைத்து ஊற்றாதீர்கள்.

தண்ணீரைக் கதகதப்பாக வைக்க

மீன் தொட்டி ஹீட்டர் போதும். 50 லிட்டர் தண்ணீருக்கு 50 வாட், 100 லிட்டருக்கு 100 வாட் என்பது பொதுவான கணக்கு. தெர்மோஸ்டாட் உள்ளதாக வாங்கி 26-ல் வையுங்கள். ஆமை முட்டி மோதிக் கண்ணாடி ஹீட்டரை உடைத்துவிடும் என்பதால், பிளாஸ்டிக் உறை போட்ட மாடல் நல்லது. தண்ணீர் மாற்றும்போதும், தொட்டிக்குள் கை விடும்போதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். குளிக்க வெந்நீர் போடும் ராடை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஆமைத் தொட்டியில் வைக்கக் கூடாது. சில நிமிடங்களில் ஆமை வெந்துவிடும், கை வைத்தால் உங்களுக்கும் ஷாக் அடிக்கும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பனியன் வேஸ்ட் துணி! தொட்டியை வெறும் தரையில் வைக்காமல், நாலைந்து மடிப்பு பனியன் துணி அல்லது தெர்மாகோல் ஷீட் மேல் வையுங்கள். இரவில் மூன்று பக்கமும் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டால் சூடு வெளியே போவது குறையும். ஹீட்டர் ஒயர், பல்பு பக்கம் துணி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் துணியைப் போடவே கூடாது. நூல் பிரிந்தால் ஆமை விழுங்கிவிடும்.

கரன்ட் போய் நீண்ட நேரம் வரவில்லை என்றால், பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, இறுக மூடி, தொட்டியில் மிதக்க விடலாம். வெந்நீரை நேராக ஊற்றக் கூடாது.

ஏறிக் காய ஒரு இடம்

ஸ்லைடர் தண்ணீரில் இருந்தாலும் தினமும் மேலே ஏறி, உடம்பு முழுக்கக் காய வேண்டும். ஒரு கல்லோ, மரத்துண்டோ, தட்டோ வைத்து, மேலே 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். ஆமை உட்காரும் இடம் 30 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். எல்.இ.டி பல்பு வெளிச்சம் தரும், ஆனால் அதனால் அந்த இடம் போதுமான அளவு சூடாகாது.

சூடு மட்டும் போதாது. ஓடும் எலும்பும் உறுதியாக இருக்க யு.வி.பி கதிர் வேண்டும். அதற்கென விளக்குகள் விற்கின்றன. நம் ஊரில் மார்கழியிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. காலை 8 மணிக்கு மேல் அரை மணி நேரம், அகலமான டப்பில் தண்ணீரும் கல்லும் வைத்து, பாதி நிழல் இருக்கும்படி மாடியில் விடலாம். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யு.வி.பி பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும். ஜன்னலுக்குள் வைத்து 'வெயில் படுது' என்று திருப்தி அடைய முடியாது. நிழல் இல்லாத சின்ன டப்பில் தண்ணீர் வேகமாகச் சூடேறிவிடும். காகமும் பூனையும் வேறு பார்த்துக்கொண்டிருக்கும். அந்த அரை மணி நேரமும் யாராவது பக்கத்தில் இருங்கள்.

குளிர் மாதச் சாப்பாடு

இரவு ஷிப்ட் முடிந்து வந்து 10 மணிக்குச் சாப்பாடு போடும் பழக்கத்தை இந்த மாதங்களில் மாற்றிக்கொள்ளுங்கள். காலை 11 மணிக்கு மேல், தண்ணீரும் உடம்பும் சூடேறிய பிறகு போட்டால்தான் மாலைக்குள் செரிக்கும். வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் இருப்பவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

குட்டிக்குத் தினமும், வளர்ந்த ஆமைக்கு இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஆமைத் தீனி போதும். வளர வளர இலை, தழை அதிகமாக வேண்டும். கொங்குப் பகுதியில் மாட்டுக்கு வளர்க்கும் அசோலா ஆமைக்கும் நல்ல தீனி. மருந்து கலக்காத தொட்டியில் இருந்து கொஞ்சம் வாங்கி மிதக்கவிடுங்கள், தானாகக் கடித்துக்கொள்ளும். துருவிய கேரட் வைட்டமின் ஏ-வுக்கு உதவும். சோறு, பிரெட், பால், உப்புக் கருவாடு வேண்டாம். காய்ந்த இறால் தீனியை மட்டுமே கொடுத்து வளர்த்தால் ஓடு மெலிந்துவிடும்.

தண்ணீர் மாற்றும்போது கவனம்

திருப்பூரில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆமை அதை ஓரளவு தாங்கும். ஆனால், ஓட்டில் வெள்ளைப் படலம் படியும். ஆகவே, குழாய் தண்ணீர் வரும் நாளில் பிடித்து, ஒரு நாள் திறந்துவைத்து, குளோரின் போன பிறகு பயன்படுத்துவது நல்லது.

காலை 6 மணிக்கு மாடி டேங்கில் இருந்து வரும் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். அதை அப்படியே ஊற்றினால், 26 டிகிரியில் இருக்கும் ஆமைக்கு அது பெரிய அதிர்ச்சி. புதுத் தண்ணீரின் சூட்டையும் தெர்மாமீட்டரில் பார்த்து, தொட்டித் தண்ணீரோடு சமன் செய்து ஊற்றுங்கள். முழுவதையும் ஒரேயடியாக மாற்றாமல், பாதிப் பாதியாக மாற்றினால் இன்னும் நல்லது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்களா?

பனியன் கம்பெனிகள் லீவு விட்டதும் பாதி ஊர் காலியாகிவிடும். பொங்கல் வருவதோ குளிர் மிகுந்த நாட்களில். கிளம்புவதற்கு முன் ஒரு வாரத் தீனியை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது தண்ணீரை அழுகச் செய்துவிடும். ஆரோக்கியமான வளர்ந்த ஆமை, சுத்தமான 26 டிகிரித் தண்ணீரில் மூன்று, நான்கு நாட்கள் சாப்பிடாமல் சமாளிக்கும். அதற்கு மேல் என்றாலும், குட்டி என்றாலும் பக்கத்து வீட்டில் சாவியையும், ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி என்று பொட்டலமும் கொடுத்துவிட்டுப் போங்கள். ஹீட்டர் ஓடுகிறதா என்று தினமும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருந்தால், இந்த முறை தொட்டிக்கான லைனை மட்டும் விட்டுவையுங்கள்.

நம் ஊர் ஆமை தூங்குவது கோடையில்!

நம் குளங்களில் வாழும் பால் ஆமை, குளம் வற்றும் காலத்தில் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழை வரும் வரை காத்திருக்கும். இது கோடை உறக்கம். அப்படிப் பார்த்தால் இந்த மண்ணின் ஆமைக்கு உறக்க மாதம் மார்கழி இல்லை, சித்திரைதான்.

உங்கள் ஸ்லைடருக்கும் கோடையில் வேறு கவனிப்பு வேண்டும். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் ஏப்ரல், மே மாதத் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டிவிடும். மாசி பாதியில் ஹீட்டரை எடுத்துவிட்டு, தொட்டியை வீட்டின் குளிர்ச்சியான அறைக்கு மாற்றுங்கள்.

எந்த ஆமை வைத்திருக்கிறீர்கள்?

பால் ஆமை, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஆமைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் பாதுகாப்பில் உள்ளவை. வீட்டில் வளர்ப்பது குற்றம். சிறைத் தண்டனை வரை போகும். வாஸ்துவுக்கு, அதிர்ஷ்டத்துக்கு என்று யாராவது கொடுத்திருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. நட்சத்திர ஆமையின் சர்வதேச வணிகம் 2019 முதல் இன்னும் கடுமையாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு விலங்குகளில் சில இனங்களை வளர்ப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உங்கள் ஆமை அதில் வருகிறதா என்பதை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு அளவில் வாங்கிய ஸ்லைடர், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். 30 ஆண்டுகள்கூட வாழும். பராமரிக்க முடியவில்லை என்று நொய்யலிலோ, நஞ்சராயன் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். உலகின் மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் என்ற சர்வதேசப் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் ஆமைகளின் உணவையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். பறவைகள் சரணாலயமான நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு ஆமையை விடுவது அந்தக் குளத்துக்குச் செய்யும் கெடுதல். வளர்க்க விருப்பமுள்ள வேறு ஒருவரிடம் கொடுங்கள் அல்லது வனத்துறையில் ஆலோசனை கேளுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமை நன்றாகத்தான் இருக்கும், நமக்குத்தான் வாந்தியும் பேதியும் வரும். குட்டி ஆமைகளால் குழந்தைகளுக்கு நோய் பரவியதால், 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975-லேயே தடை போட்டார்கள். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சமையல் சிங்க்கில் தொட்டியைக் கழுவக் கூடாது. 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளையும், வயதானவர்களையும் ஆமையைத் தூக்க விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எடை

கடைசியாக ஒரு வேலை. ஞாயிறுதோறும் ஆமையைத் துடைத்து, அதற்கென வைத்த சின்ன டிஜிட்டல் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அன்று காலைத் தண்ணீரின் சூட்டையும் எழுதுங்கள். குட்டியின் எடை மாதாமாதம் ஏற வேண்டும். வளர்ந்த ஆமை பத்தில் ஒரு பங்கு எடை இழந்துவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். அவர் முதலில் கேட்கப்போவதும் இந்த இரண்டு எண்களைத்தான். 'தூங்குதுன்னு நினைச்சேன்' என்று சொல்வதைவிட, அந்த நோட்டை நீட்டினால் அவர் சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பிக்க முடியும்.